அப்பா போன பிறகு பென்ஷன் நின்றுவிட்டது: முதலில் எந்தக் கதவைத் தட்டுவது?

குறிஞ்சிப்பாடி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா ராணுவத்தில் பீரங்கிப் படையில் 17 வருடம் பணிசெய்து, 2000-ல் நாயக்காக ஓய்வு பெற்றவர். கடந்த செப்டம்பர் 11-ஆம் தேதி, 61 வயதில் காலமானார். அதன் பிறகும் செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதப் பென்ஷன் வங்கியில் ஏறியது. அதில் இரண்டு மாதப் பணத்தை அண்ணன் ஏ.டி.எம்.மில் எடுத்துவிட்டார். பிறகு பென்ஷன் நின்றுவிட்டது. டிஸ்சார்ஜ் புக்கில் (ஓய்வு பெறும்போது ராணுவம் தரும் பணி விவரப் புத்தகம்) அம்மாவின் பெயர் லட்சுமி, பிறந்த ஆண்டு 1971. ஆதாரிலோ தனலட்சுமி, 1974. அக்கா ஆறு வருடமாகக் கணவரைப் பிரிந்து அம்மாவோடு இருக்கிறார், கோர்ட்டுக்குப் போகவில்லை. தம்பி பிளஸ் டூ படிக்கிறான். இந்த வாசகி திருமணமாகிப் பாகூரில் இருக்கிறார். அம்மாவை அங்கே அழைத்துக்கொள்ள நினைக்கிறார். "கடலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனோம். ‘ரெக்கார்ட்ஸுக்கு எழுதுங்கள்’ என்றார்கள். அப்படியானால் அந்த ஆபீஸ் எதற்கு?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். அது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் வரிசைக்கு வந்துவிடும்.

அம்மாவுக்கு வரவேண்டிய குடும்ப ஓய்வூதியம் மத்திய அரசின் பணம். அதை அனுமதிப்பது பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறையின் ஓய்வூதியப் பிரிவு. பட்டுவாடா ஸ்பர்ஷ் என்ற கணினி முறை வழியாக நடக்கிறது. அப்பாவின் பணிப் பதிவேடுகள் நாசிக் ரோடு கேம்ப்பில், பீரங்கிப் படையின் ரெக்கார்ட்ஸ் ஆபீசில் இருக்கின்றன. கடலூரில் இருப்பது தமிழ்நாடு அரசின் முன்னாள் படைவீரர் நலத்துறையின் மாவட்ட அலுவலகம், உதவி இயக்குநர் தலைமையில் இயங்குவது. பென்ஷன் கணக்கு அவர்கள் கையில் இல்லை. ஆனால் நாசிக்கில் இருப்பவருக்கு உங்கள் அம்மா யாரென்று தெரியாது. ‘இவர்தான் அந்தப் படைவீரரின் மனைவி, ஆவணங்களைச் சரிபார்த்தோம்’ என்று உள்ளூரில் ஓர் அரசு அலுவலகம் முத்திரையிட்டுச் சொல்லவேண்டும். அந்த அலுவலகம் இதுதான். ஆகவே "ரெக்கார்ட்ஸுக்கு எழுதுங்கள்" என்ற பதில் பாதிதான் சரி. எழுதவேண்டியது நீங்கள், அது போகவேண்டிய வழி அவர்களுடையது. அடுத்த முறை போகும்போது "எங்கள் விண்ணப்பத்தைச் சரிபார்த்து, மேலொப்பமிட்டு, உங்கள் முகப்புக் கடிதத்தோடு ரெக்கார்ட்ஸுக்கு அனுப்புங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். அங்கே நல அமைப்பாளர் என்று ஒருவர் இருப்பார், அவரும் முன்னாள் படைவீரர்தான். படிவங்களின் நெளிவுசுளிவு அவருக்குத் தெரியும். அவரைப் பார்த்து உட்கார்ந்து பேசுங்கள். இந்த வேலைக்கெல்லாம் கட்டணம் கிடையாது. வாசலில் நின்று "அரியரில் இவ்வளவு சதவீதம் கொடுங்கள், முடித்துத் தருகிறேன்" என்பவரை நம்பாதீர்கள்.

இப்போது பென்ஷன் ஏன் நின்றது என்று பார்ப்போம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அப்பா இறந்த செய்தி போய்ச் சேர்ந்ததால் நிற்கவில்லை. ஆண்டுதோறும் நவம்பரில் தரவேண்டிய லைஃப் சர்ட்டிபிகேட் வராததால் நின்றிருக்கிறது. கணினியைப் பொறுத்தவரை உங்கள் அப்பா சான்று கொடுக்கத் தவறிய ஒரு பென்ஷனர், அவ்வளவுதான். இறப்பைத் தெரிவிக்காதவரை அம்மாவின் பென்ஷனுக்கான வேலை தொடங்கவே தொடங்காது. நீங்கள் காத்திருந்த மாதங்களில் அங்கே எந்தக் கோப்பும் நகரவில்லை, ஏனென்றால் கோப்பே திறக்கப்படவில்லை.

எனவே முதல் வேலை, ஸ்பர்ஷில் இறப்பைப் பதிவது. அப்பாவின் கணக்கில் நுழைந்து செய்யலாம். முடியாவிட்டால் ஸ்பர்ஷ் சேவை தரும் பொதுச் சேவை மையத்திலோ வங்கிக் கிளையிலோ செய்யலாம். இறப்புச் சான்று, பி.பி.ஓ. (ஓய்வூதியம் வழங்கும் ஆணை), அம்மாவின் ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம் வேண்டும். போவதற்கு முன் இறப்புச் சான்றில் அப்பாவின் பெயரை டிஸ்சார்ஜ் புக்கோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். நம் ஊரில் இனிஷியலை முன்னால் போடுவோம். ராணுவப் பதிவில் இனிஷியல் பின்னால் இருக்கும், அல்லது விரித்து எழுதப்பட்டிருக்கும், அல்லது இல்லவே இல்லை. கிராமத்தில் இறப்பைப் பதிவது வி.ஏ.ஓ.; பிழை இருந்தால் இப்போதே அவரிடம் திருத்தி வாங்கிவிடுங்கள்.

அண்ணன் எடுத்த பணம். அவரை யாரும் குற்றவாளியாக்க வேண்டாம்; சாவு வீட்டுச் செலவுக்குக் கையில் இருந்ததை எடுத்திருப்பார். ஆனால் பென்ஷன் செப்டம்பர் 11 வரைக்குமே உரியது. 12-ஆம் தேதி முதலான நாட்களுக்கு வந்தது அரசுக்குத் திரும்பவேண்டிய பணம். மறைத்தால் பிறகு வசூலாகும், கூடவே கடிதப் போக்குவரத்தும் வரும். கணக்கில் மீதி இருப்பதைத் தொடாதீர்கள். எடுத்தது எவ்வளவு என்று குறிப்பிட்டு, "குடும்ப ஓய்வூதிய நிலுவையில் பிடித்துக்கொள்ளச் சம்மதம்" என்று அம்மா கையெழுத்திட்ட கடிதத்தை வங்கியிலும் கொடுங்கள், ஸ்பர்ஷ் விண்ணப்பத்தோடும் இணையுங்கள். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் இறப்புக்கு மறுநாளான செப்டம்பர் 12-லிருந்தே கணக்காகும். தாமதமானாலும் நிலுவை மொத்தமாக வரும், அதில் கழித்துக்கொள்வார்கள். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வைத்திருந்த கணக்கு, யாராவது ஒருவர் இயக்கும் முறையில் இருந்தால் அதை மூடவேண்டாம். அதே கணக்கில் அம்மாவின் பென்ஷன் வரலாம்.

வாரிசுச் சான்றுக்காகக் காத்திருக்கிறோம் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதற்காக நிற்கவேண்டாம். பி.பி.ஓ.வில் மனைவி என்று அம்மாவின் பெயர் சேர்ந்திருந்தால் குடும்ப ஓய்வூதியத்துக்கு அதுவே ஆதாரம். வாரிசுச் சான்று தேவைப்படக்கூடியது, அப்பாவுக்கு இறந்த நாள்வரை பாக்கி ஏதாவது இருந்து, அதற்கு அவர் யாரையும் நாமினியாகக் காட்டாமல் போயிருந்தால். இ-சேவை மையத்தில் அது பாட்டுக்கு ஓடட்டும்.

எவ்வளவு வரும்? பணி ஓய்வுக்குப் பின் இறந்தவரின் குடும்பத்துக்கு, கணக்கிடத்தக்க கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம் என்ற உயர்ந்த விகிதம் 7 வருடத்துக்கு, அல்லது இறந்தவர் உயிரோடிருந்தால் 67 வயது நிறையும் நாள்வரை, எது முந்தியதோ அதுவரை. இந்தத் தொகை அப்பா வாங்கிய பென்ஷனை மிஞ்சாது. அப்பாவுக்கு 61 என்பதால் ஏறக்குறைய ஆறு வருடம் கிடைக்கும். அதன் பிறகு 30 சதவீதமாக இறங்கும். குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியம் மாதம் 9,000 ரூபாய், அகவிலை நிவாரணம் தனி. இந்த இறக்கத்தை இப்போதே மனத்தில் வையுங்கள். முதல் வருடங்களின் தொகையைப் பார்த்துப் பத்து வருடக் கடன் போட்டுவிட்டு, ஏழாவது வருடம் "பென்ஷனைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள்" என்று அலுவலகத்தில் வந்து அழும் தாய்மார்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது பெயர் விவகாரம். இதுதான் கடினமானது, நின்று நிதானமாகச் செய்யவேண்டியது.

டிஸ்சார்ஜ் புக்கை எடுத்துக் குடும்ப விவரம் எழுதிய பக்கத்தைத் திறந்து பாருங்கள். மனைவி, பிள்ளைகள் பெயருக்கு நேராகப் பிறந்த தேதி, பார்ட் டூ ஆர்டர் (திருமணம், பிள்ளைப்பேறு போன்றவற்றைப் பணிப் பதிவில் ஏற்றும் ராணுவ ஆணை) எண், ஆண்டு இருக்கும். அந்தப் பார்ட் டூ ஆர்டர்தான் வேர். டிஸ்சார்ஜ் புக்கில் உள்ளது அதன் நகல், பி.பி.ஓ.வில் உள்ளது அந்த நகலிலிருந்து வந்தது. ஆகவே கடலூரில் யாரும் பேனாவால் திருத்தித் தரமுடியாது. ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் திருத்த ஆணை வெளியிட்டு, அதைப் பார்த்துப் பிரயாக்ராஜில் திருத்திய பி.பி.ஓ. போடவேண்டும். புத்தகம் கிழிந்திருக்கிறது என்று தயவுசெய்து லேமினேட் செய்துவிடாதீர்கள். பின்னால் புதிய பதிவு எழுதவோ முத்திரை வைக்கவோ முடியாமல் போகும். ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் போதும்.

எதை எதற்கு ஏற்ப மாற்றுவது? பெயரைப் பொறுத்தவரை ராணுவப் பதிவைத்தான் மாற்றச் சொல்வேன். தனலட்சுமி என்பது ஆதார், பான், ரேஷன் கார்டு, வங்கி என்று எல்லா இடத்திலும் ஏறியிருக்கும். பத்து இடத்தைக் கலைப்பதைவிட ஓரிடத்தைத் திருத்துவது நல்லது. பிறந்த தேதி அப்படியல்ல. அம்மாவின் பள்ளிச் சான்றைத் தேடுங்கள். அது 1971 என்று சொன்னால் ஆதாரைத்தான் திருத்தவேண்டும். ஆதாரில் பிறந்த தேதியை ஒரே முறைதான் மாற்றலாம், அதனால் சான்று கையில் இல்லாமல் மையத்துக்குப் போகாதீர்கள். மூன்று வருடம்தானே என்று நினைக்கவும் வேண்டாம். குடும்ப ஓய்வூதியம் 80 வயதில் 20 சதவீதம் கூடும், 85-ல் 30, 90-ல் 40 என்று போகும். அம்மாவுக்கு அது 2051-லா 2054-லா என்பது இந்த ஒரு தேதியில் இருக்கிறது.

விண்ணப்பத்தோடு அபிடவிட், அதாவது உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். அதை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். நாசிக்கில் தமிழ் படிக்க ஆள் இருப்பார் என்று நம்பி அனுப்பிய காகிதம் திரும்பி வரும். தமிழில் மட்டும் உள்ள எந்தச் சான்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பும் நோட்டரி கையொப்பமும் சேர்த்துவிடுங்கள். அபிடவிட்டில் அப்பாவின் படை எண், பதவி, பெயர், அம்மாவின் இரண்டு பெயர்கள், எந்தப் பெயர் எந்த ஆவணத்தில் இருக்கிறது, இருவரும் ஒருவரே, இனி எந்தப் பெயர் நிலைக்கவேண்டும் என்ற ஐந்தும் இருக்கவேண்டும். பெரும்பாலான அபிடவிட்களில் கடைசி விஷயம் விடுபட்டிருக்கும். ‘இருவரும் ஒருவரே’ என்பதோடு நிறுத்திவிடுவார்கள். எதை எதுவாக மாற்றுவது என்று தெரியாமல் அங்கே திருப்பி அனுப்புவார்கள். படை எண்ணின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். அது அலங்காரம் அல்ல, எண்ணின் பகுதி. அதை விட்டுவிட்டு எழுதினால் கோப்பைத் தேடி எடுப்பதிலேயே சிக்கல் வரும். பெயர் இவ்வளவு மாறியிருப்பதால் செய்தித்தாள் விளம்பரமும் கேட்கலாம். கேட்டால் ஓர் ஆங்கில நாளிதழ், ஒரு தமிழ் நாளிதழ் என்று கொடுத்து, முழுப் பக்கத்தையும் அப்படியே இணையுங்கள், கத்தரித்த துண்டை அல்ல. எல்லாவற்றிலும் ஐந்து செட் ஜெராக்ஸ் எடுத்து, மாவட்ட அலுவலகத்தில் மேலொப்பம் வாங்கி, ஸ்பீடு போஸ்ட் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இரண்டு மாதமாகியும் பதில் இல்லையென்றால் மத்திய அரசின் இணையவழிக் குறைதீர்ப்புத் தளத்தில் ரசீது எண்ணோடு புகார் பதியுங்கள். பார்ட் டூ ஆர்டரின் நகல் வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு கேட்கலாம்.

திருத்தம் முடியட்டும், பிறகு குடும்ப ஓய்வூதியம் கேட்போம் என்று இருக்காதீர்கள். இறப்புப் பதிவும் கோரிக்கையும் இன்றே போகட்டும், பெயர் வேறுபாட்டுக்கு இந்த அபிடவிட்டை அங்கேயும் இணையுங்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளத்தில் ஓடவேண்டியவை.

தம்பி விஷயத்தில் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லவேண்டும். அப்பா 2000-ல் ஓய்வு பெற்றிருக்கிறார், தம்பிக்கு 17 வயது. அவன் பிறந்தது ஓய்வுக்குப் பிறகு. எனவே டிஸ்சார்ஜ் புக்கில் அவன் பெயர் இருக்க வாய்ப்பே குறைவு, அப்பா தனியாக எழுதிச் சேர்த்திருந்தாலொழிய. ஓய்வுக்குப் பின் பிறந்த பிள்ளைக்கும் உரிமை உண்டு. பிறப்புச் சான்றோடு ரெக்கார்ட்ஸுக்கு எழுதிப் பதியவைக்கவேண்டும். அம்மாவின் திருத்த விண்ணப்பம் போகும் அதே உறையில் இதையும் அனுப்புங்கள். இது ஏன் அவசரம் என்றால், தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கென்று 150 இடம் இருக்கிறது. அதற்குரிய சான்றைத் தருவது கடலூர் அலுவலகம். மே மாதத்தில் அங்கே நிற்க இடம் இருக்காது. அந்த நேரத்தில் "பையன் பெயர் பதிவில் இல்லையே" என்று சொன்னால் நாசிக்கிலிருந்து ஆணை வருவதற்குள் கலந்தாய்வே முடிந்துவிடும்.

பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் சேர்ந்தால் பிரதமரின் கல்வி உதவித்தொகைக்கு முதல் வருடமே விண்ணப்பிக்கவேண்டும். பிளஸ் டூவில் 60 சதவீதம் தேவை. பையன்களுக்கு மாதம் 2,500, பெண்களுக்கு 3,000 ரூபாய். நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 5,500 பேர்தான், அதனால் மதிப்பெண் முக்கியம். இதைத் தவிர, மத்திய அரசின் படைவீரர் நல அமைப்பான மத்திய சைனிக் வாரியம், ஹவில்தார் பதவி வரை (நாயக் அதற்குக் கீழே) இருந்தவர்களின் பிள்ளைகளில் இருவருக்குக் கல்வி உதவி தருகிறது. 2025 நவம்பர் 1 முதல் தரும் விண்ணப்பங்களுக்கு அது மாதம் 1,000 ரூபாயிலிருந்து 2,000 ஆகியிருக்கிறது. முடித்த வகுப்பில் 50 சதவீதம் வேண்டும். தம்பியின் பிளஸ் ஒன் மதிப்பெண் பட்டியலை எடுத்துப் போய்க் கேளுங்கள். அதே வகுப்புக்கு மாநில அரசின் உதவித்தொகையும் சேர்த்து வாங்கக்கூடாது என்பதால், எது உங்களுக்கு லாபம் என்று அங்கேயே விசாரித்து ஒன்றை எடுங்கள். பெண்ணின் திருமணத்துக்கு 50,000 ரூபாயாக இருந்த உதவியும் அதே தேதியிலிருந்து ஒரு லட்சம் ஆகியிருக்கிறது. திருமணம் நடந்து 180 நாளுக்குள் விண்ணப்பித்திருக்கவேண்டும் என்பதால் பழைய திருமணங்களுக்கு இது உதவாது.

இதையெல்லாம் கேட்க அம்மா கூச்சப்படுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். 1949 முதல் ஒவ்வொரு டிசம்பர் 7-ஆம் தேதியும் கொடி நாள் என்று பள்ளிப்பிள்ளைகள் முதல் கடைக்காரர்கள் வரை உண்டியலில் போட்ட காசு, இந்தக் குடும்பங்களுக்கென்றே சேர்ந்த காசு. யாருடைய தயவும் அல்ல. அவர் தலைநிமிர்ந்து போய்க் கேட்கலாம். முதலில் அவருக்குப் படைவீரர் விதவை அடையாள அட்டை வாங்கிக் கொடுங்கள். மாவட்ட அலுவலகத்தில் எந்த உதவிக்கும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். ஈ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் அட்டையும் இனி அம்மா பெயரில் முதன்மை அட்டையாக மாறவேண்டும்.

அக்காவின் நிலைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. விவாகரத்தான மகளுக்கு, தாய் தந்தை இருவரும் காலமான பிறகு, 25 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் யாரும் இல்லாத நிலையில், குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழி உண்டு. அவருடைய சொந்த வருமானம் மாதம் 9,000 ரூபாயும் அதற்குரிய அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக்கூடாது. ஆனால் பிரிந்து வாழ்வது விவாகரத்து அல்ல. 2017-ல் வந்த ஆணைப்படி, பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கும்போதே நீதிமன்றத்தில் மனு தாக்கலாகியிருக்கவேண்டும். தீர்ப்பு பின்னால் வந்தாலும் ஏற்பார்கள். அம்மா காலத்துக்குப் பிறகு மனு போட்டால் ஒன்றும் செய்யமுடியாது. சேர்ந்து வாழ வாய்ப்பில்லை என்று அக்கா முடிவுசெய்திருந்தால் வழக்கைத் தள்ளிப்போடாதீர்கள். கட்டணம் கட்டமுடியாவிட்டால் கடலூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். பெண்களுக்கு அதில் வருமான வரம்பு கிடையாது.

பாகூருக்கு அழைத்துக்கொள்வது பற்றி. மத்திய அரசின் பென்ஷன் தென்பெண்ணையைத் தாண்டினால் மாறாது. மாறுவது மாநில உதவிகள். புதுச்சேரியில் இதைப் பார்ப்பது அந்த அரசின் சைனிக் நலத்துறை. அங்கே போனால் கடலூர்ப் பதிவை முறையாக மாற்றிக்கொள்ளவேண்டும். இரண்டு இடத்திலும் பதிவு வைத்து இரண்டு இடத்திலும் உதவி வாங்குவது தவறு, பிடிபட்டால் இரண்டும் போகும். தம்பி கலந்தாய்வுக்குத் தமிழ்நாட்டில் நிற்கும்வரை அம்மா குறிஞ்சிப்பாடி வீட்டு முகவரியிலேயே பதிவோடு இருக்கட்டும் என்பது என் கருத்து. அவ்வப்போது உங்களோடு வந்து தங்குவதற்கு எந்த மாற்றமும் தேவையில்லை. பாகூர்ப் பக்கம் "கான்சுலேட்டில் கேளுங்கள்" என்று யாராவது சொன்னால் குழம்பவேண்டாம். அது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் பென்ஷன், வேறு அரசு, வேறு சட்டம்.

அப்பாவின் பெட்டியில் ஒரு காகிதத்தைத் தேடுங்கள்: ராணுவக் குழுக் காப்பீட்டு நிதியின் நீட்டிப்புக் காப்பீட்டுச் சான்று. ஓய்வு பெறும்போது ஒரே தவணையாகப் பிடித்து, பல வருடத்துக்கு உயிர்க்காப்பு தருவது. பென்ஷன் கவலையில் இதை மறந்துவிடும் குடும்பங்கள் நிறைய. சான்று கிடைத்தால் அதில் போட்ட முடிவுத் தேதியைப் பாருங்கள். செப்டம்பர் 11 அதற்குள் விழுந்தால் மாவட்ட அலுவலகம் வழியாக டெல்லிக்கு உடனே கோரிக்கை அனுப்புங்கள்.

இன்னொன்று. அப்பாவின் செல்போன் எண்ணை ரத்துசெய்துவிடாதீர்கள். ஸ்பர்ஷ் கணக்குக்கு வரும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். அம்மாவின் எண் பதிவாகும்வரை அந்த சிம்முக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்து வையுங்கள்.